விமானம் போகும் நேரத்தில் நான் பேசியவை

சத்தியமாகச் சொல்கிறேன். உரக்கச் சொல்கிறேன். இனி நான் சொல்லப்போவதில் எழுத்தின் ஒரு கொம்பு, ஒரு கால் பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை வரும் முதல் விமானம் என் தலைமேலேயே இறங்கட்டும். மற்றவர்கள் இப்படிச் சத்தியம் செய்தால் அது வாய்ப்பேச்சு. நான் செய்தால் அதில் உயிராபத்து உண்டு. என் தலைக்கும் அந்த விமானத்துக்கும் நடுவே இருப்பது எங்கள் வீட்டுக் கூரை ஒன்றுதான்.

எங்கள் தெரு போய் முட்டுவது ஒரு கம்பி வேலியில். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து கிளம்பிய விமானமும் எங்கள் மொட்டை மாடியைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் தரையில் இறங்கும். எவ்வளவு தாழ்வாக என்று கேட்பீர்கள். ஈரத் துணியைக் கொடியில் போட்டால் ஒரு விமானம் போவதற்குள் காய்ந்துவிடும். பெரிய விமானமாக இருந்தால் மடித்தும் வைத்துவிட்டுப் போகும்.

ஒரு நாள் மாலை நானும் என் மனைவியும் மாடியில் நிற்கிறோம். ஒன்று வந்தது. முன்கண்ணாடியில் விமானி தெரிகிறார். பக்கத்தில் துணை விமானி தெரிகிறார். துணை விமானி ஏதோ சொன்னார். விமானி நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த நொடி விமானத்தின் வயிறு திறந்து சக்கரங்கள் இறங்கின.

"என்ன சொல்லியிருப்பான்?" என்றேன்.

"சக்கரத்தை இறக்க மறந்துட்டோம்னு சொல்றான்," என்றாள் என் மனைவி, துணியை உதறிக்கொண்டே.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தை பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பேச்சை நிறுத்தக் கற்றுக்கொண்டுவிடும். விமானம் தலைக்கு மேல் வரும்போது இங்கே யாரும் கத்த மாட்டோம். கத்தி யாருக்குக் கேட்கப் போகிறது? சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை அப்படியே பாதியில் நிறுத்துவோம். விமானம் போனதும் மீதியைச் சொல்வோம். முடி திருத்துகிறவர் கத்தியைக் காதோரம் பிடித்தபடி சிலையாகி நிற்பார். காய்கறிக் கடைக்காரர் "இன்னிக்குத் தக்கா" என்று நிறுத்துவார். நாம் பையை விரித்துக் காத்திருக்க, விமானம் போனபிறகு "ளி வரலை" என்பார். இடைவேளை என்று இதற்குப் பெயர். இடைவேளையில் வாயை அசைப்பவர் எவரோ, அவர் தெருவுக்குப் புதிது.

இந்த இடைவேளைதான் என் சுதந்திரம். அதைச் சொல்வதற்கு முன் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் நெசவு மில்லில் வேலை பார்த்தவள். வரிசை வரிசையாகத் தறிகள் தடதடக்கிற பெரிய மில். அந்தச் சத்தத்துக்கு முன்னால் இந்த விமானமெல்லாம் தாலாட்டு என்பாள். அங்கேயே அவள் காது கொஞ்சம் மந்தமாகியிருக்கும் என்பது என் ஊகம். எங்கள் வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். எனக்கு ஒதுக்கப்பட்ட வசனம் ஒன்றே ஒன்று: "சரி." அந்த ஒரு வார்த்தையை எத்தனை ராகத்தில் பாட முடியுமோ அத்தனையும் பாடி முடித்தவன் நான்.

ஆனால் விமானம் வருமே! அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்துவாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். பாத்திரம் தேய்ப்பாள். எங்கள் சமையலறைத் தொட்டி ஜன்னலுக்கு அடியில் இருக்கிறது. பெயருக்குத்தான் ஜன்னல். கை நீட்டினால் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் சுவர் இடிக்கும். மழை குடித்துக் குடித்துக் கறுத்துப்போன சுவர். பட்டப்பகலிலும் சமையலறையில் விளக்குப் போட வேண்டும். அந்தக் கறுப்புச் சுவரைப் பார்ப்பதற்காகவா இவள் தினமும் கண்ணாடியை அப்படிப் பளபளவென்று துடைக்கிறாள் என்று எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியம்.

அவள் திரும்பியதும் நான் ஆரம்பிப்பேன். ஆகா, அந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு எஜமான் யார் என்று கேட்பேன். உப்பைக் கண்ணில் காட்டாத சமையலைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பேன். அவள் தம்பியின் மீசையிலிருந்து அவன் மோட்டார் சைக்கிள் வரை ஒன்றையும் விட மாட்டேன். விரலை நீட்டுவேன், மேஜையைத் தட்டுவேன். சிங்கம் தோற்கும். சத்தம் தணியத் தணிய நானும் தணிவேன். அவள் திரும்பி மீதிப் பாதி வாக்கியத்தைச் சொல்வாள். நான் "சரி" என்பேன்.

வெறும் கோபம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நேருக்கு நேர் சொல்லக் கூச்சமான சில நல்ல வார்த்தைகளும் உண்டே, அவற்றையும் அந்த நேரத்தில்தான் சொல்வேன். என்ன வார்த்தை என்று கேட்காதீர்கள். கிழவன் வெட்கப்படுவதைப் பார்த்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

இதில் ஒரு அதிசயமும் உண்டு. உப்பைப் பற்றி நான் இடைவேளையில் முழங்கினால் அடுத்த வேளை உப்புக் கிண்ணம் என் தட்டோரம் வந்து உட்கார்ந்திருக்கும். மைத்துனன் வாங்கித் தந்த நாற்காலி என் முதுகை முறிக்கிறது என்று ஒரு தடவை கர்ஜித்தேன். அந்த வாரமே மைத்துனன் அதே மாதிரி இன்னொரு நாற்காலியோடு வந்து இறங்கினான். தற்செயல் என்று விட்டுவிட்டேன்.

இப்படி நான் ஆனந்தமாக வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் டெசிபல் வந்தார்.

அது அவர் பெயர் இல்லை. விமான நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. இளம் பெண். சத்தத்தை அளக்கிற அளவுக்கு டெசிபல் என்று பெயராம். வாக்கியத்துக்கு இரண்டு தடவை அதைச் சொன்னதால் தெரு அப்படியே பெயர் வைத்துவிட்டது. நல்ல மாதிரிதான், சிரித்த முகம். ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட முதலில் "உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வேண்டும் என்பார்.

நூலக மண்டபத்தில் கூட்டம். தெருவே திரண்டு போனது. டெசிபல் மேடையேறி விளக்கினார். யாராவது ஒரு வீட்டு மாடியில் சத்தத்தை அளக்கும் கருவி வைப்பார்கள். அளவு எல்லையைத் தாண்டியது என்று தெரிந்தால் தெரு முழுக்க இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கூரைக்கு அடியில் தடித்த பஞ்சுப் பலகை, எல்லாம் விமான நிலையத்தின் பொறுப்பு.

"அப்புறம் நீங்க வீட்டுக்குள்ள உட்கார்ந்தா விமானம் போறதே தெரியாது," என்றார்.

மண்டபம் கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. யோசித்துப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் இடைவேளை இல்லை. இடைவேளை இல்லையென்றால் எனக்கு வாய் இல்லை. மிச்ச ஆயுளுக்கும் "சரி" ஒன்றுதான் துணை.

"முதல்ல எந்த வீட்டுக்கு வேலை ஆரம்பிக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணுவோம்னா," என்றார் டெசிபல். அப்போது பார்த்து ஒரு விமானம் வந்தது.

நாங்கள் அத்தனை பேரும் சிலையானோம். டெசிபல் புதியவர் அல்லவா, அவருக்கு இடைவேளை தெரியாது. வாய் அதுபாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தது. விரல் விட்டு எதையோ எண்ணினார். காதில் தொலைபேசி வைத்துப் பேசுவதுபோல் கையைக் காட்டினார். விமானம் போனது. "புரிஞ்சுதுங்களா?" என்றார். எங்களுக்கு ஒரு எழுத்தும் விழவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினோம். பேசி முடித்தவரைத் திரும்பச் சொல்ல வைப்பது எங்கள் தெருவில் மரியாதை இல்லை.

என் மனைவி மட்டும் சிரித்தாள். எழுந்து நின்று, கருவியை எங்க மாடியிலேயே வைங்க என்றாள்.

வெளியே வரும்போது என்ன சொன்னாங்க என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. என் மனைவியிடம் கேட்டேன். "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள்.

அன்றே நான் சபதம் எடுத்தேன். இந்தத் தெருவின் சத்தத்தைக் காப்பாற்றியே தீருவேன். ஒரு மனிதன் தன் இரைச்சலுக்காகப் போராடாவிட்டால் வேறு யார் போராடுவது? துணைக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சேர்ந்துகொண்டார். அவருக்கும் பிழைப்புப் பிரச்சினை. தைத்த சட்டையை வாடிக்கையாளருக்குப் போட்டுப் பார்க்கிற நேரத்தை விமானம் வருகிற நேரமாகப் பார்த்து வைப்பவர் அவர். "அக்குள் இறுக்குது" என்று அவன் சொல்வது கேட்காது. விமானம் போவதற்குள் சட்டை பொட்டலமாகியிருக்கும்.

"அண்ணே, அமைதி வந்துட்டா நான் கடையை மூட வேண்டியதுதான்," என்றார், கண் கலங்க.

"நான் இருக்கேன்," என்றேன்.

கருவி வந்தது. ஒரு கம்பம், அதன் உச்சியில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு தலை. அந்தத் தலைதான் காது. காதை மூடிவிட்டால்? திட்டம் தயார். கனத்த கம்பளிப் போர்வையால் கருவியைச் சுற்றிவிடுவது. விமானம் எலி ஓடுகிற மாதிரிதான் அதற்குக் கேட்கும். அளவு குறையும். ஜன்னல் இல்லை.

இவ்வளவு பெரிய திட்டத்தை மனதிலேயே வைத்திருக்க முடியுமா? தையல்காரரிடம் சொன்னேன். போதவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னால்தானே ருசி? மறுநாள் காலை சமையலறையில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க விமானம் வந்தது, அவள் திரும்பினாள். நான் அவள் முதுகிடம் அட்டகாசமாக அறிவித்தேன். உன் கருவிக்கு இன்னிக்குப் போர்வை போத்தப் போறேன், பச்சைக் கம்பளி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, முடிந்தால் தடுத்துப் பார் என்று மார்பைத் தட்டினேன். விமானம் போனது. "கடைக்குப் போயிட்டு வாங்க," என்று முடித்தாள். "சரி," என்றேன்.

கடையிலிருந்து திரும்பி மாடிக்கு ஓடினேன். கொடி முழுக்கப் போர்வை. பச்சை, சிவப்பு, கட்டம் போட்டது, நான் பார்த்தே இராதது, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து தொங்கின.

"திடீர்னு என்ன இது?" என்றேன்.

"தூசியா இருந்துச்சு. துவைச்சுட்டேன்."

கெட்ட நேரம் என்று நினைத்துக்கொண்டேன். போர்வை போனால் தலையணை. அதையும் அடுத்த விமானத்தில் அவள் முதுகுக்கு விளக்கமாகச் சொன்னேன். எந்தத் தலையணை, எந்தக் கயிறு, எப்படிக் கட்டுவது, எல்லாம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போனால் தலையணை ஒன்றுகூட இல்லை. பஞ்சு கெட்டிப்பட்டுவிட்டதென்று மாற்றிக்கொண்டு வரத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டாளாம். அந்த வாரம் முழுக்க நான் என் கையையே மடித்து வைத்துப் படுத்தேன்.

விடுவேனா? தையல்காரர் கடையில் வெட்டுத்துணி மூட்டை ஒன்று கிடந்தது. என் உயரம் இருக்கும். அதை அவிழ்த்துக் கருவிக்குக் கட்டினால் இடி விழுந்தாலும் அதற்குக் கேட்காது. "எடுத்துக்குங்கண்ணே," என்று வாரி வழங்கினார். இந்தத் தடவை யாரிடமும் சொல்லக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். வீட்டுக்குள் வந்தேன். விமானம் வந்தது. அவள் திரும்பினாள். அந்த முதுகைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. மூட்டையின் கனம், நிறம், வைத்திருக்கிற இடம் எல்லாம் வந்து விழுந்தது.

நான் செருப்பு மாட்டுவதற்குள் அவள் தெருவில் இருந்தாள். மூட்டையோடு திரும்பினாள்.

"மிதியடி பின்னப் போறேன்," என்றாள். "தையக்காரத் தம்பி சும்மாவே கொடுத்துடுச்சு."

சந்தில் தையல்காரரைப் பிடித்து உலுக்கினேன். "நான் என்னண்ணே பண்ணட்டும்? உங்க வீட்டுக்குத்தானே போகுதுன்னு கொடுத்தேன்," என்றார். அதுவும் நியாயம்தான்.

இப்போது சொல்கிறேன், என் இடத்தில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்திருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருக்கும். எனக்கு அவளுடைய அதிர்ஷ்டத்தின்மேல் பொறாமைதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டைப் பார்த்தேன். விமானச் சத்தப் புகார்ப் பிரிவின் தொலைபேசி எண். என்ன இது என்றேன்.

"தெருவுல எல்லார் வீட்டுக்கும் கொடுத்திருக்காங்க," என்றாள். "நீங்க பாட்டுக்கு அதுக்குப் போன் பண்ணிடாதீங்க. உங்களுக்கு அந்த மாதிரி ஆளுங்ககிட்டப் பேசத் தெரியாது."

எனக்கா பேசத் தெரியாது? மின்னல் வெட்டியது மாதிரி யோசனை பிறந்தது. கருவி இருக்கிற வீட்டிலிருந்தே ஒருவன் போன் செய்து, சத்தம் குறைவாக இருக்கிறது என்று சொன்னால்? கருவி கோளாறு என்று கழற்றிக்கொண்டு போய்விட மாட்டார்களா? அவள் மாடிக்குப் போனதும் எண்ணை அழுத்தினேன்.

"விமானச் சத்தப் புகார்ப் பிரிவு. உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம். சொல்லுங்க சார்."

"சத்தம் போதலைங்க."

அந்தப் பக்கம் பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"அதிகமா இருக்குன்னு சொல்றீங்களா சார்?"

"கம்மியா இருக்குன்னு சொல்றேன். மத்தியானம் ஒண்ணு போச்சு. பூனை தும்மின மாதிரி இருந்துச்சு. இப்படியே போனா இந்தத் தெருவுக்கு என்னங்க மரியாதை?"

"விமானச் சத்தத்தால உங்க மனசு பாதிக்கப்பட்டிருக்கா சார்?"

"ஆமா. ரொம்பவே பாதிக்கப்பட்டிருக்கு."

"பதிவு பண்ணிட்டேன் சார். வேற ஏதாவது?"

எத்தனை மரியாதை! என்னை இத்தனை பொறுமையாக யாரும் கேட்டதே இல்லை. மறுநாளும் போன் செய்தேன். அதற்கு மறுநாளும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆனது. விமானம் தாமதமாக வந்தால் அதற்கொன்று. புதிதாக வந்த விமான ரகம் ஒன்று கொசு மாதிரி ரீங்காரமிட்டுப் போனது. அதைக் கண்டித்துத் தனியாக ஒன்று. நான் தொலைபேசியைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு எப்படியோ மாடியில் ஒரு வேலை வந்துவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுபடியும் நூலக மண்டபத்தில் கூட்டம். முடிவு சொல்லும் நாள். நான் சட்டைக்குக் கஞ்சி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கருவி கோளாறு, ஜன்னல் கிடையாது என்று டெசிபல் சொல்வதைக் கேட்க என் காது துடித்தது.

டெசிபல் ஏறினார். எங்கள் உணர்வுகளை மதித்தார். கருவி அற்புதமாக வேலை செய்ததாகவும், சத்தம் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டதாகவும், தெரு முழுக்க ஜன்னல் உறுதி என்றும் சொன்னார். மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் தையல்காரர் தலையில் கை வைத்தார்.

"போன கூட்டத்துலயே சொன்னேன்," என்றார் டெசிபல். "எந்த வீட்டிலேர்ந்து அதிகமா போன் வருதோ அந்த வீட்டுக்குத்தான் முதல்ல வேலை. என்ன சொல்லிப் பேசினாலும் ஒரு போன் ஒரு புகார்தான். இங்க ஒருத்தர் தினமும் விடாம, மனசு நொந்துபோய்ப் பேசியிருக்கார். எங்க அலுவலகத்துல அவர் குரல் தெரியாதவங்களே இல்லை. ஐயா, எழுந்திரிங்க."

கை என்னை நோக்கி நீண்டது.

தெருவே எழுந்து நின்று கைதட்டியது. முடி திருத்துகிறவர் விசில் அடித்தார். தையல்காரரின் குரல் மட்டும் பின்னாலிருந்து மெல்லிசாக வந்தது: "அண்ணே, நீங்களா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று எழுந்தேன். "எல்லாரும் கேட்டுக்குங்க, நான் எதுக்குப் போன் பண்ணினேன்னா," என்று ஆரம்பித்தேன். விமானம் வந்தது.

மொத்த மண்டபமும் சிலையானது. ஆனால் நான் நிறுத்தவில்லை. இடைவேளையில் பேசிப் பேசிப் பழகிய வாய் எப்படி நிற்கும்? எனக்கு ஜன்னல் வேண்டாம், இந்தச் சத்தம்தான் என் உயிர், இதை எடுத்தால் நான் வீட்டில் ஊமை, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று நெஞ்சில் கை வைத்து மன்றாடினேன். கடைசி வார்த்தையும் விமானத்தின் வாலும் ஒன்றாகப் போயின. மூச்சு வாங்க நின்றேன். மண்டபம் என்னையே பார்த்தது.

"என்ன சொன்னார்?" என்றார் டெசிபல்.

என் மனைவி எழுந்தாள். "சந்தோஷத்துல வார்த்தை வரலையாம். ரொம்ப நன்றின்னு சொல்றார். சீக்கிரமா ஆரம்பிக்கச் சொல்றார்," என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"சரி," என்றேன்.

வேலையாட்கள் வந்தார்கள். பஞ்சுப் பலகை ஏறியது. பழைய ஜன்னல்கள் போயின, இரட்டைக் கண்ணாடி வந்தது. கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான். என் முழங்கால் மடங்கும் சத்தத்தை நான் முதல்முறையாகக் கேட்டேன். குழாய் சொட்டுவது கேட்டது. அவள் பேசுவது முழு முழு வாக்கியமாக, முற்றுப்புள்ளியோடு கேட்டது. விமானங்கள் போயினவா, வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தனவா என்றே தெரியவில்லை. பேசாமல் பேசாமல் என் கன்னமெல்லாம் வீங்கியது போலிருந்தது. உள்ளே அத்தனை பேச்சு தேங்கிக் கிடந்தது.

ஒரு முற்பகல். சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டை ஒட்டடை அடிப்பது பற்றி அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் முன்னால் டம்ளரில் தண்ணீர். தண்ணீரில் மெல்ல ஒரு வளையம் கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. தலைக்கு மேல் பெரிய விமானம் ஒன்று போகிறது. என் உடம்புக்கு அது தெரிந்துவிட்டது. அவளும் பழக்கத்தில் வார்த்தையை நிறுத்தி, தொட்டிப்பக்கம் திரும்பினாள். அந்த முதுகைப் பார்த்தேன். என் வாய் திறந்துகொண்டது.

"இந்த வீட்டுக்கு எஜமான் நான். என்னைக் கேக்காம இங்க ஜன்னல் வைக்க நீ யாரு?"

அந்த நிசப்தத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக எழுந்து நின்றது. நான் நாற்காலியோடு நாற்காலியாக ஒடுங்கினேன். அது மைத்துனன் கொடுத்த நாற்காலி. ஒடுங்க இடம் இல்லை.

அவள் திரும்பவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"கத்தாதீங்க. இத்தனை வருஷமா சத்தமில்லாமத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"என்னது?"

"மில்லுல தறி ஓடறப்போ காதுக்குள்ள வந்து கத்தினாலும் கேக்காதுங்க. நாங்க பொண்ணுங்க எல்லாம் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்குவோம். அந்தக் கோடியில மேஸ்திரி முணுமுணுத்தா இந்தக் கோடியில சிரிப்போம்."

கடைசிக் கொம்பைப் பிடித்துத் தொங்கினேன். "நீதான் எப்பவும் அந்தப் பக்கம் திரும்பி நிப்பியே."

சோப்பு நுரை அப்பிய விரலால் அவள் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். கறுப்புச் சுவருக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில், துடைத்துத் துடைத்துப் பளபளக்கிற கண்ணாடிக்குள் ஒரு கிழவன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான்.

உப்புக் கிண்ணம் கண்முன் வந்தது. இரண்டாவது நாற்காலி வந்தது. துணை விமானி வந்தான்.

"அப்போ அந்தப் போர்வை?"

"நீங்கதானே சொன்னீங்க."

"தலையணை?"

"அதுவும் நீங்கதான் சொன்னீங்க. கயிறு எங்க இருக்குன்னுகூடச் சொன்னீங்க."

"போன்?"

"அது மட்டும் நான் சொன்னேன்."

நூலக மண்டபத்தில் விமானச் சத்தத்தில் டெசிபலின் வாய் அசைந்ததும், இவள் மட்டும் சிரித்ததும் அப்போதுதான் விளங்கியது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"எல்லாமே தெரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்தே. அப்புறம் எதுக்கு இந்த ஜன்னலுக்கு இவ்வளவு பாடு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "பழைய கண்ணாடி விமானம் போறப்ப அதிரும். உங்க வாய் கலங்கித் தெரியும். திட்டறது பரவாயில்லை, அதெல்லாம் எனக்கு மனப்பாடம். எப்பவாவது நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுவீங்க பாருங்க, அதுதான் பாதி பாதி விட்டுப்போயிட்டிருந்துச்சு. இது அதிராது. அதோட இது ரெட்டைக் கண்ணாடி. நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க. ஒருத்தர் முழுங்கினதை இன்னொருத்தர் சொல்லிடறார்."

இவ்வளவுதான் நடந்தது. முன்பே சத்தியம் செய்துவிட்டேன், மறுபடி செய்யத் தேவையில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யார் கேட்டாலும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். தையல்காரர் சொன்னார் என்று சொல்லுங்கள், விமானி சொன்னார் என்று சொல்லுங்கள். முக்கியமாக, எங்கள் தெருப்பக்கம் வந்து இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து உதட்டை அசைக்காமல் படியுங்கள்.